சிப்பியில் ஒட்டியிருந்த மிளகு

ஸ்காட்லாந்தின் நியூஹேவன் மீனவர்கள் அதைப் 'பெரிய மிளகு' என்று சொன்னார்கள். கடலடியிலிருந்து சிப்பியை வாரி எடுக்கும்போது பழைய ஓடுகளின் மேல் கறுப்பாக, உருண்டையாக ஒட்டிக்கொண்டு வரும். படித்தவர்கள் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள். அது ஒரு கடற்பாசியின் இளம் பருவம் என்பது அவர்கள் கணிப்பு. 1827-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் 18 வயது மருத்துவ மாணவர் ஒருவர் அந்த மிளகுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தார். பாசி இல்லை. புழுவைப் போல ஒரு சின்னஞ்சிறு உயிர் இருந்தது. அது ஓர் அட்டைக் குஞ்சு.

அந்த மாணவர்தான் சார்லஸ் டார்வின்.

டார்வின் என்றதும் நமக்கு உடனே நினைவுக்கு வருவது கலாபகஸ் தீவும் குருவிகளின் அலகும்தான். பாடப்புத்தகம் அப்படிப் பழக்கிவிட்டது. அதற்கு முந்தைய கதை இரண்டே வரியில் முடிந்துவிடும்: மருத்துவம் படிக்கப் போனார், பிடிக்கவில்லை, விட்டுவிட்டார். ஏதோ படிப்பில் தோற்ற பையனைக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள், அங்கே திடீரென்று ஞானம் வந்தது என்கிற மாதிரி. எனக்கு இந்தக் கதை எப்போதும் உறுத்தும். எடின்பரோவில் அவர் இருந்த இரண்டு வருடம் வீணாகப் போன காலம் இல்லை. பட்டம் வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் கடற்கரையில் குனிந்து நின்று, பொறுக்கி, பிளந்து, பார்த்ததை அன்றே எழுதி வைக்கும் ஓர் ஆராய்ச்சியாளர் அங்கேதான் உருவானார்.

அவர் எடின்பரோவுக்கு வந்தது 1825 அக்டோபரில். வயது 16. அப்பா ராபர்ட் டார்வின் ஷ்ரூஸ்பரி ஊரில் பெயர்பெற்ற மருத்துவர். தாத்தா எராஸ்மஸ் டார்வினும் மருத்துவர்தான். குடும்பத் தொழிலை எடுத்து நடத்தட்டும் என்று அப்பா அனுப்பிவைத்தார். அண்ணனும் கூடவே வந்தார். அவருக்கும் தாத்தாவின் பெயர்தான், எராஸ்மஸ். இரண்டு பேரும் லோதியன் தெருவில் வாடகைக்குத் தங்கினார்கள். பல்கலைக்கழகம் நடந்து போகிற தூரம்.

படிப்பு அவரைச் சோர்வடையச் செய்தது. குளிர்காலத்தில் காலை 8 மணிக்கு மருந்துப்பொருள் வகுப்பு. நினைத்தாலே நடுங்க வைக்கும் அனுபவம் என்று வயதான பிறகும் எழுதுகிறார். உடற்கூற்றியல் பேராசிரியர் மன்றோவைப் பற்றி, ஆள் எவ்வளவு சலிப்பூட்டுபவரோ அவருடைய வகுப்பும் அவ்வளவே என்று குறிப்பு. வேதியியல் வகுப்பு மட்டும் பிடித்திருந்தது. அப்புறம் அறுவை அரங்கு. மயக்க மருந்து வருவதற்கு முந்தைய காலம் அது. இரண்டு அறுவை சிகிச்சைகளைப் பார்த்தார், அதில் ஒன்று குழந்தைக்கு நடந்தது. முடியும்வரை நிற்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். அந்தக் காட்சி பல வருடங்கள் தன்னைத் துரத்தியது என்று சொல்கிறார்.

அந்த ஊரில் அவருக்கு உண்மையாகக் கற்றுக்கொடுத்தவர்கள் வகுப்புக்கு வெளியே இருந்தார்கள். ஒருவர் ஜான் எட்மன்ஸ்டன். தென் அமெரிக்காவின் கயானாவில் அடிமையாக இருந்து விடுதலை பெற்று ஸ்காட்லாந்துக்கு வந்த கறுப்பினத்தவர். பறவைகளைப் பாடம் செய்வது அவருடைய தொழில். டார்வின் அவரிடம் காசு கொடுத்து அந்தக் கலையைக் கற்றார். பாடம் முடிந்தும் அவருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாராம். இனிமையானவர், அறிவுள்ளவர் என்று பின்னாளில் எழுதினார். பீகிள் கப்பலிலிருந்து டார்வின் அனுப்பிய பறவைகள் கெடாமல் இங்கிலாந்து வந்து சேர்ந்ததில் இந்த ஆசிரியருக்குப் பங்கு உண்டு.

இன்னொரு ஆசிரியர் கடல். எடின்பரோவுக்கு வடக்கே ஃபோர்த் நதி கடலில் கலக்கும் அகன்ற முகத்துவாரம். லீத் துறைமுகம், நியூஹேவன் மீனவர் குடியிருப்பு, கிழக்கே போனால் பிரஸ்டன்பான்ஸ். கடல் வற்றும் நேரத்தில் கறுப்புப் பாறைகள் வெளியே தெரியும். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் ஏதாவது நெளிந்துகொண்டிருக்கும். முதல் வருடத்திலேயே அண்ணனும் தம்பியும் அங்கே நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். 1826 பிப்ரவரியில் எழுதிய ஒரு குறிப்பில், 'கடல் எலி' என்று அழைக்கப்படும் மயிரடர்ந்த புழு ஒன்றைப் பிடித்ததாகச் சொல்கிறார். நீளம் மூன்று நான்கு அங்குலம். வாயைத் தொட்டால் பந்தாகச் சுருள முயன்றதாம். எந்த நூலில் அதற்கு என்ன பெயர் என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். யாரும் கேட்காமல், மதிப்பெண் இல்லாமல், ஒரு பதின்வயதுப் பையன் செய்த வேலை இது.

இரண்டாம் வருடம் அண்ணன் வரவில்லை. தனியாக இருந்த டார்வின் தன்னைப் போன்றவர்களைத் தேடிப் போனார். பல்கலைக்கழகத்தின் தரையடி அறை ஒன்றில் மாணவர்கள் கூடி இயற்கை அறிவியல் பேசும் 'பிளினியன் சங்கம்' என்று ஒன்று இருந்தது. 1826 நவம்பரில் உறுப்பினரானார், டிசம்பர் 5-ஆம் தேதியே செயற்குழுவிலும் இடம் கிடைத்தது. கட்டுரை வாசிப்பது, விவாதிப்பது, சண்டை போடுவது என்று சூடான இடம் அது. அங்கேதான் ராபர்ட் எட்மண்ட் கிராண்ட் அவரைக் கவர்ந்தார்.

கிராண்டுக்கு அப்போது 33 வயது. மருத்துவப் பட்டம் பெற்றவர், ஆனால் மருத்துவம் பார்ப்பதை விட்டு, கையிலிருந்த பணத்தைச் செலவழித்து பாரிஸ் முதலான ஊர்களில் விலங்கியல் படித்துத் திரும்பியவர். பிரஸ்டன்பான்ஸில் கடலைப் பார்த்த வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு குளிர்காலத்திலும் பாறைகளில் அலைந்து திரிந்தார். அவருடைய ஆர்வமெல்லாம் கடற்பஞ்சுகள். பஞ்சு செடியா, விலங்கா என்று யாருக்கும் தெளிவில்லாத காலம். உயிருள்ள பஞ்சை நீரில் வைத்து மணிக்கணக்காகப் பார்த்து, அதன் பெரிய துளைகள் வழியே தண்ணீர் ஓயாமல் வெளியே பீறிடுவதைக் கண்டவர் அவர். 'துளையுடலிகள்' என்று நம் பாடநூல்கள் இன்று சொல்லும் தொகுதிக்கு அடிப்படையான ஆய்வு அது. வெளியே பார்க்க விறைப்பான, சம்பிரதாயமான மனிதர், அந்த ஓட்டுக்கு அடியில் நிறைய உற்சாகம் என்று டார்வின் அவரை வர்ணிக்கிறார்.

இருவரும் சேர்ந்து நடந்தார்கள். ஒருநாள் அப்படி நடக்கும்போது கிராண்ட் திடீரென்று பிரெஞ்சு அறிஞர் லாமார்க்கைப் பற்றியும், உயிரினங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறி வந்தவை என்ற அவருடைய கருத்தைப் பற்றியும் பொங்கிப் பேச ஆரம்பித்தாராம். டார்வின் வாயடைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் தாத்தா எராஸ்மஸின் நூலில் இதைப் போன்ற கருத்துகளை ஏற்கெனவே படித்திருந்தார். கிராண்டும் அந்தத் தாத்தாவின் வாசகர்தான். தனக்குத் தெரிந்தவரை அந்தப் பேச்சு தன் மனதில் ஒரு தாக்கத்தையும் ஏற்படுத்தவில்லை என்று முதுமையில் டார்வின் எழுதினாலும், சின்ன வயதிலேயே இப்படிப்பட்ட கருத்துகளை மதிப்போடு பேசக் கேட்டது தனக்கு உதவியிருக்கலாம் என்று அடுத்த மூச்சிலேயே ஒப்புக்கொள்கிறார். அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம்.

நியூஹேவன் மீனவர்களோடு டார்வின் பழகிவிட்டார். சிப்பி வார அவர்கள் போகும்போது சில தடவை படகில் ஏறிக்கொள்வார். வலையில் சிப்பியோடு சேர்ந்து வந்து விழும் கழிவுதான் அவருக்குப் பொக்கிஷம். கையில் இருந்த நுண்ணோக்கி மிக மட்டமானது என்று அவரே சொல்கிறார். அறுத்துப் பார்க்கிற பயிற்சியும் முறையாகக் கிடையாது. ஆனால் 1827 மார்ச்சில் தனியாக ஒரு குறிப்பேடு தொடங்கி, கண்டதை எல்லாம் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார். அந்த ஏடு இன்றைக்கும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. தொடக்கத்தில் வருவது லீத் பாறைகளில் கரையொதுங்கிய ஒரு பெரிய மீன். கிட்டத்தட்ட 2 அடி நீளம். முட்டையிடப் பாறைக்கு வந்து, தண்ணீர் வற்றியதும் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். வயிற்றில் ரோஜா நிறத்தில் முட்டைத் திரள். கிராண்டோடு உட்கார்ந்து அறுத்துப் பார்த்திருக்கிறார்.

அடுத்து வருவதுதான் முக்கியமானது. ஃபிளஸ்ட்ரா.

கடற்கரையில் காய்ந்து கிடக்கும் ஃபிளஸ்ட்ராவை எடுத்தால் வெளிறிய பழுப்பில், கிளை பிரிந்த தட்டையான இலைக்கொத்து போல இருக்கும். பாசி என்றே யாரும் நினைப்பார்கள். ஒரு லென்ஸை வைத்துப் பார்த்தால் இலைப்பரப்பு முழுக்கத் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு விலங்கு. தண்ணீரில் இருக்கும்போது ஒவ்வொன்றும் வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்புகளை வெளியே விரித்து இரை பிடிக்கும். லேசாகத் தொட்டால் போதும், எல்லாம் உள்ளே போய்விடும். ஒரு கொத்து என்பது ஆயிரக்கணக்கான விலங்குகள் சுவர் பகிர்ந்து வாழும் ஒரு குடியிருப்பு. இன்றைய பெயர் பிரையோசோவா, பாசி போன்ற விலங்குகள் என்று பொருள். டார்வின் மாணவராக இருந்தபோது இந்தப் பெயர் பிறக்கவில்லை. பவளம், பஞ்சு, ஃபிளஸ்ட்ரா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'விலங்குத் தாவரங்கள்' என்று வைத்திருந்தார்கள். அந்தப் பெயரே குழப்பத்தைச் சொல்லிவிடுகிறது.

நியூஹேவன் படகுகளிலிருந்து கிடைத்த ஒரு ஃபிளஸ்ட்ராக் கொத்தில், நுண்ணோக்கி இல்லாமலே, அங்கங்கே மஞ்சள் புள்ளிகள் இருப்பதை டார்வின் கவனித்தார். முட்டை வடிவம், கோழி முட்டையின் மஞ்சள் கருவின் நிறம். ஓர் அறைக்கு ஒன்று. அறைக்குள் இருக்கும்வரை அசைவில்லை. அவற்றை ஒரு வாட்ச் கிளாஸில், அதாவது ஆய்வகத்தில் பயன்படும் குழிவான சின்னக் கண்ணாடித் தட்டில், கடல்நீரோடு விட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த மஞ்சள் புள்ளிகள் வழுக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓட ஆரம்பித்தன. வெறும் கண்ணுக்கே தெரிகிற வேகம். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது மேற்பரப்பில் மெல்லிய மயிர்கள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன. நாம் குற்றிழைகள் என்கிறோமே, அவைதான். முட்டை தானாக நீந்துகிறது!

லாமார்க்கோ, குவியரோ, லாமுரூவோ வேறெந்த ஆசிரியரோ இதுவரை இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை என்று அந்தக் குறிப்பேட்டில் எழுதுகிறார். மூவருமே அன்றைய பிரெஞ்சு விலங்கியலின் பெரிய தலைகள். அதோடு நிற்கவில்லை. இந்த உண்மை முதல் பார்வைக்கு அற்பமாகத் தோன்றலாம், ஆனால் ஏற்கெனவே உள்ள பல எடுத்துக்காட்டுகளோடு இன்னொன்றைச் சேர்ப்பதால் எல்லா விலங்குத் தாவரங்களின் முட்டைகளும் தாமாக அசையக்கூடியவை என்ற விதியைப் பொதுமைப்படுத்த இது உதவும் என்கிறார். பதினெட்டு வயதில் எழுதிய வாக்கியம். தனிப்பட்ட ஒரு சின்னத் தகவல், அதைச் சேர்த்து வைக்க வேண்டிய பெரிய விதி. அவர் வாழ்நாள் முழுக்க எழுதிய விதம் இப்படித்தான் இருந்தது.

இந்த விதி யாருடையது என்ற கேள்வி இங்கே வரும். அது கிராண்டின் விதி. கடற்பஞ்சு முட்டைகளும் வேறு சில உயிர்களின் முட்டைகளும் குற்றிழைகளால் நீந்துவதை அவர் முந்தைய ஆண்டுகளிலேயே கண்டு எழுதியிருந்தார். அவருக்கு இதில் பெரிய பந்தயம் இருந்தது. செடி உலகமும் விலங்கு உலகமும் மிக எளிய உயிர்களின் மட்டத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, இரண்டுக்கும் ஒரே வேர் இருக்கக்கூடும் என்பது அவர் எண்ணம். வேரூன்றி நிற்கும் ஓர் உயிர், சுதந்திரமாக நீந்தும் முட்டையை வெளியே விடுகிறது என்றால் அந்த எண்ணத்துக்கு அது நல்ல தீனி. டார்வினின் குறிப்பில் அந்தத் தத்துவம் எதுவும் இல்லை. பார்த்தது, யாரும் முன்பு பார்க்காதது, எந்த விதியோடு சேரும் என்பது, அவ்வளவுதான்.

அந்த 'முட்டை' உண்மையில் முட்டையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முட்டைக்குள் கரு வளர்ந்து, வெளியே வரத் தயாராக நிற்கும் லார்வா அது. தாய்க் கொத்திலிருந்து பிரிந்து சிறிது காலம் நீந்தி, பொருத்தமான ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு, முற்றிலும் உருமாறி முதல் அறையாகிறது. அதிலிருந்து அடுத்த அறை மொட்டு விட்டு, அப்படியே கொத்து பெருகுகிறது. நகர முடியாத ஓர் உயிர் தன் பிள்ளைகளை வேறு பாறைக்கு அனுப்பி வைக்கும் வழி இது. டார்வின் தன் வாழ்க்கைக் குறிப்பில் 'முட்டைகள் எனப்படுபவை உண்மையில் லார்வாக்கள்' என்று எழுதினார். 1827 ஏட்டில் அவற்றை முட்டை என்றுதான் சொல்லியிருந்தார். நடுவில் கழிந்த ஐம்பது வருட அறிவு அந்த வரியில் புகுந்துவிட்டது. வருடத்தையும் 1826 என்று தவறாகக் குறித்திருக்கிறார். நினைவிலிருந்து எழுதினால் இப்படி ஆகும். தேதி போட்ட குறிப்பேட்டின் அருமை அப்போதுதான் தெரியும்.

இனி அந்த மிளகு. கறுப்பு உருண்டையை ஃபூகஸ் லோரியஸ் என்ற பாசியின் இளம் பருவம் என்று அறிஞர்கள் நினைத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. வளர்ந்தால் நீண்ட வார் போலத் தொங்கும் அந்தப் பாசி, தொடக்கத்தில் பாறையில் பொத்தான் மாதிரி உருண்டையாகத்தான் முளைக்கும். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து முடிவு செய்ததுதான் பிழை. டார்வின் பிளந்து பார்த்தார். வெவ்வேறு வளர்ச்சி நிலையில் உள்ள உருண்டைகளைச் சேகரித்தார். உள்ளே இருந்த குஞ்சு எதைப் போல வளர்கிறது என்று ஒப்பிட்டார். அது பான்டோப்டெல்லா மியூரிகேட்டா என்ற அட்டை. உடம்பெல்லாம் மரு மருவாக இருக்கும், திருக்கை மீன்களின் மேல் ஒட்டி ரத்தம் குடித்து வாழும். முட்டையிடும்போது மட்டும் மீனை விட்டு இறங்கி, கடலடியில் கிடக்கும் ஓடுகளின் மேல் முட்டைக் கூடுகளை ஒட்டிவைக்கும். அதுதான் மீனவர்களின் 'பெரிய மிளகு'.

இங்கே நம் கடலோர வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ராமேசுவரம், மன்னார்ப் பக்கம் 'கடல் அட்டை' என்று சொல்வது வேறு உயிர். அது நட்சத்திர மீனின் உறவு. யாரையும் கடிக்காது, ரத்தம் குடிக்காது. டார்வின் பார்த்தது நிஜமான அட்டை, வயல் வரப்பில் காலைக் கவ்வுகிறதே அதன் கடல்வாழ் சொந்தம்.

1827 மார்ச் 27, செவ்வாய்க்கிழமை. பிளினியன் சங்கத்தின் தரையடி அறையில் டார்வின் எழுந்து இரண்டு கண்டுபிடிப்புகளையும் அறிவித்தார். சங்கத்தின் நடவடிக்கைக் குறிப்பில் அது பதிவாகியிருக்கிறது: ஒன்று, ஃபிளஸ்ட்ராவின் முட்டைகளுக்கு அசைவதற்கான உறுப்புகள் உண்டு, இரண்டு, ஃபூகஸ் லோரியஸின் இளம் பருவம் என்று இதுவரை தவறாகக் கருதப்பட்ட சிறிய கறுப்பு உருண்டை, பான்டோப்டெல்லாவின் முட்டை. விவரமாக எழுதி, மாதிரிகளோடு அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி சங்கம் கேட்க, அவரும் சம்மதித்தார். அவருக்குப் பின் கிராண்ட் எழுந்து ஃபிளஸ்ட்ராவைப் பற்றி இன்னும் பல தகவல்களைச் சொன்னார்.

அதே மாலையில் இன்னொன்றும் நடந்தது. டார்வினைச் சங்கத்தில் சேர்க்க முன்மொழிந்த வில்லியம் பிரௌன் என்ற மாணவர், மனம் என்பது உடலுக்கு வெளியே தனியாக இருப்பதல்ல, அது மூளையின் அமைப்பிலிருந்து வருவது என்ற பொருளில் கட்டுரை வாசித்தார். பெரிய வாக்குவாதம். அந்தக் கட்டுரையைப் பற்றிய பதிவை நடவடிக்கைக் குறிப்பேட்டிலிருந்தே அடித்துவிட்டார்கள். அடித்த கோட்டுக்கு அடியில் எழுத்து இன்னமும் படிக்க முடிகிறது. எந்தக் கருத்தை வாய்விட்டுச் சொன்னால் என்ன ஆகும் என்பதை டார்வின் தன் முதல் ஆய்வை வாசித்த அதே அறையில், அதே மாலையில் நேரில் பார்த்தார். இயற்கைத் தேர்வு பற்றிய தன் கருத்தை அவர் 20 வருடத்துக்கு மேல் பொதுவெளியில் வெளியிடாமல் வைத்திருந்ததற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். இந்த மாலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கணக்கில் எடுக்காமலும் இருக்க முடியாது.

இதற்கெல்லாம் மூன்று நாள் முன்பு, மார்ச் 24 அன்று, வெர்னேரியன் சங்கத்தில் கிராண்ட் இதே விஷயங்களைப் பற்றிப் பேசிவிட்டார். அது அறிஞர்கள் கூடும் பெரிய சங்கம். மாணவர்கள் உறுப்பினராக முடியாது. கிராண்ட் தன்னோடு டார்வினைச் சில கூட்டங்களுக்கு அழைத்துப் போவதுண்டு. அமெரிக்கப் பறவைகளை வரைந்த ஓடுபானை டார்வின் பார்த்தது அங்கேதான். தன் இரண்டு கண்டுபிடிப்புகளும் வெர்னேரியன், பிளினியன் இரண்டு சங்கங்களிலுமே வாசிக்கப்பட்டன என்று டார்வின் குறித்திருக்கிறார். முதலாவதில் பேசியவர் கிராண்ட் என்பதை அந்தக் குறிப்பு சொல்வதில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதை டார்வினின் மகள் ஹென்ரியட்டா எழுதி வைத்த ஒரு நினைவுக்குறிப்பு காட்டுகிறது. கண்டுபிடித்த கையோடு டார்வின் கிராண்டிடம் ஓடிப்போய்ச் சொன்னார். ஆசிரியர் மகிழ்வார் என்று எதிர்பார்த்திருப்பார். கிராண்டோ, நான் ஆராயும் பொருளில் நீ கை வைப்பது முறையல்ல, இதை நீ வெளியிட்டால் எனக்கு மனவருத்தம் ஆகும் என்கிற விதமாகப் பேசினாராம். அது அப்பாவின் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது, உண்மையைத் தேடுகிறவர்களுக்கு இத்தகைய சின்ன புத்தி தகாது என்று அவர் எப்போதும் சொல்வார் என்கிறார் மகள்.

கிராண்ட் முழுக்க மறைத்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. 1827 ஜூலையில் எடின்பரோ அறிவியல் இதழ் ஒன்றில் அட்டை முட்டைகளைப் பற்றி எழுதியபோது, அவை அந்த விலங்குக்குரியவை என்று முதலில் உறுதிசெய்த பெருமை 'என் ஆர்வமிக்க இளம் நண்பர், ஷ்ரூஸ்பரியைச் சேர்ந்த திரு. சார்லஸ் டார்வினுக்கு' உரியது என்று வெளிப்படையாக எழுதினார். வெவ்வேறு முதிர்ச்சி நிலையில் இருந்த முட்டைகளை டார்வினே தனக்குக் கொடுத்ததாகவும் நன்றியோடு குறிப்பிட்டார். டார்வினின் பெயர் ஆராய்ச்சி உலகில் அச்சேறியது இப்படித்தான். ஆனால் ஃபிளஸ்ட்ராவைப் பற்றி அதே சமயம் கிராண்ட் வெளியிட்ட கட்டுரையில் டார்வின் பெயர் இல்லை.

நான் இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன். முட்டைகள் நீந்தும் என்பதைப் பல உயிர்களில் வருடக்கணக்காகத் தேடிக் கண்டவர் கிராண்ட். எங்கே, எதைப் பார்க்க வேண்டும் என்று மாணவருக்குக் காட்டியவரும் அவரே. அந்தக் கண்ணாடித் தட்டு அவர் விரித்த பாயின் மேல்தான் இருந்தது. ஆனாலும் ஃபிளஸ்ட்ராவில் அதை முதலில் பார்த்த கண் மாணவருடையது என்றால், ஒரு வரி எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரிக்காக ஏங்கிய வலி ஐம்பது வருடம் கழித்தும் மகளிடம் சொல்லுமளவு இருந்திருக்கிறது. ஆய்வு மாணவர்களாக இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1858-ல் ஆல்ஃப்ரட் வாலஸ் என்ற இயற்கை ஆய்வாளரின் கடிதம் வந்து, தன் கருத்தையே இன்னொருவரும் கண்டடைந்திருப்பதை அறிந்தபோது டார்வின் பட்ட தவிப்பும், அற்பமாக நடந்துகொண்டதாக வாலஸோ வேறு யாருமோ நினைப்பதைவிடத் தன் நூல் முழுவதையும் எரித்துவிடலாம் என்று எழுதிய கடிதமும், எடின்பரோவை அறிந்து படிக்கும்போது வேறு மாதிரித் தெரிகின்றன.

1827 ஏப்ரலில் டார்வின் எடின்பரோவை விட்டுப் போனார். மருத்துவம் முடிந்தது. அப்பா பாதிரியார் ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். கிராண்டும் அதே ஆண்டு புதிதாகத் தொடங்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு உடற்கூற்றியல் பேராசிரியரானார். பாதைகள் பிரிந்தன.

கற்றுக்கொண்டது மட்டும் கூடவே போனது. பீகிள் கப்பல் புறப்பட்டு இரண்டே வாரத்தில், 1832 ஜனவரி 10 அன்று, டார்வின் தன் கையால் செய்த நான்கடி ஆழமுள்ள துணிப்பை ஒன்றைக் கப்பலின் பின்னால் கட்டி இழுத்தார். பை நிறையக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கடலுயிர்கள். நியூஹேவன் படகில் மற்றவர்கள் வலையில் விழுந்ததைப் பொறுக்கியவருக்கு இப்போது சொந்த வலை. ஐந்து வருடப் பயணத்தில் அவர் எழுதிய விலங்கியல் குறிப்புகளில் ஃபிளஸ்ட்ராவின் உறவுக்காரர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தென் அமெரிக்காவின் தென்முனைக் கடல்களில் அவற்றின் மேல் கழுகுத் தலை போல வாயைத் திறந்து மூடும் நுண்ணுறுப்புகளைப் பார்த்து மணிக்கணக்கில் எழுதியிருக்கிறார்.

1835-ல் சிலி நாட்டுத் தீவொன்றில், ஒரு பெரிய ஓட்டுமெல்லுடலியின் ஓட்டைத் துளைத்து உள்ளே வாழும் மிகச் சிறிய உயிர் கிடைத்தது. கொட்டலசு வகை, பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டுகிறதே, அதன் இனம். ஆனால் சொந்தமாக ஓடு இல்லை. இது என்ன என்று தெரிந்துகொள்ளப் போய், 1846-லிருந்து 1854 வரை எட்டு வருடம் கொட்டலசுகளையே ஆராய்ந்தார். நான்கு நூல்கள் வந்தன, 1853-ல் ராயல் சொசைட்டியின் பதக்கமும் கிடைத்தது. கொட்டலசை அதற்கு முன் நத்தை, சிப்பியின் கூட்டத்தில் வைத்திருந்தார்கள். ஓட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். லார்வாவைப் பார்த்தால் அது இறால், நண்டுகளின் உறவு என்று தெரிந்துவிடும். 1830-ல் ஜான் வான் தாம்ப்சன் இதைக் காட்டினார். 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் டார்வின் இதை எடுத்துச் சொல்கிறார்: மாமேதை குவியருக்கே கொட்டலசு ஒரு நண்டினம் என்பது புலப்படவில்லை, ஆனால் லார்வாவை ஒரு பார்வை பார்த்தால் தப்பவே முடியாமல் தெரிகிறது என்று. ஓர் உயிர் யார் என்று அறிய அதன் குஞ்சைப் பார் என்பது பரிணாமத்துக்கான அவருடைய வலுவான வாதங்களில் ஒன்று. மிளகைப் பிளந்து பார்த்தபோது செய்ததும் அதுதான். அன்றைக்கு அதன் பொருள் அவருக்குத் தெரியாது. ஆனால் கைப்பழக்கம் வந்துவிட்டது.

கிராண்டின் கதை அவ்வளவு நன்றாகப் போகவில்லை. லண்டனில் அவருடைய வருமானம் வகுப்பில் சேரும் மாணவர் கட்டணத்தை நம்பி இருந்தது. உயிரினங்கள் மாறுகின்றன என்ற தன் கருத்தை அவர் மறைக்கவும் இல்லை. அதற்கான விலையையும் கொடுத்தார். ஸ்காட்லாந்தில் அந்தச் சில வருடங்களில் செய்ததைப் போன்ற ஆராய்ச்சி பின்பு அவரிடமிருந்து வரவில்லை. லண்டன் போன பிறகு அறிவியலில் அவர் எதுவும் செய்யாதது தனக்கு விளங்காத புதிர் என்று டார்வின் எழுதுகிறார். கடலிலிருந்து தூரமாக, வாரம் முழுக்க வகுப்பெடுத்து, வறுமையில் வாழ்ந்தவருக்கு அது எவ்வளவு கடினம் என்பது வசதியான குடும்பத்தில் பிறந்தவருக்குப் புரியாமல் போயிருக்கலாம்.

ஆனாலும் 1861-ல், தன் பெரிய நூலின் மூன்றாம் பதிப்புக்கு டார்வின் ஒரு வரலாற்று முன்னுரை சேர்த்தபோது, உயிரினங்கள் வேறு உயிரினங்களிலிருந்து வந்தவை என்று 1826-லேயே தெளிவாக எழுதியவர் என்று கிராண்டின் நன்னீர்ப் பஞ்சு கட்டுரையைக் குறிப்பிட்டார். அதே வருடம் கிராண்டும் விலங்குலகப் பிரிவுகளைப் பற்றிய தன் சிறு நூலை டார்வினுக்குக் காணிக்கையாக்கினார்.

1872-ல் வந்த ஆறாம் பதிப்பில் எதிர்ப்பாளர் ஒருவருக்குப் பதில் சொல்லும்போது, டார்வின் மறுபடியும் அந்தப் பாசி விலங்குகளிடம் போகிறார். அவற்றின் கழுகுத்தலை உறுப்புகள் எப்படிப் படிப்படியாக உருவாகியிருக்கும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். அப்போது லண்டனில் கிராண்ட் உயிரோடு இருந்தார். வயது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. 1827-ல் ஏற்ற அதே பதவியில்தான் இருந்தார். இரண்டு வருடம் கழித்து, 1874 ஆகஸ்டில் இறக்கும்வரை அதில்தான் இருந்தார்.